தாத்தாவின் ஒமேகாவில் துரு: பாகங்களை மாற்றலாமா, அப்படியே விடலாமா?

செம்பவாங்_பேரன்

வணக்கம். கையில் இருப்பது ஒமேகா சீமாஸ்டர். தேதி இல்லாத ஆட்டோமேட்டிக், ஸ்டீல் கேஸ், பின்மூடியில் கடல்குதிரை, உள்ளே ஓடும் இயந்திரம் 552 என்ற மெஷின். மெஷின் எண் 24 மில்லியனில் தொடங்குவதால் 1966 வாக்கில் செய்தது என்று எடுத்துக்கொள்கிறேன். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்தவர். 1968-ல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறிய பிறகும் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றார். அவர் காலத்துக்குப் பிறகு வாட்ச் பாட்டியின் அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தது. இப்போது என்னிடம் வந்திருக்கிறது.

ஓடுகிறது. ஆனால் நேரம் வைக்கும்போது கிரௌன் (பக்கத்தில் இருக்கும் திருகுக் குமிழ்) கரகரக்கிறது, சில நேரம் கையோடு வந்துவிடுகிறது. பின்மூடியைத் திறந்து லூப் (பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தேன். மூன்று மணிப் பக்கம், ஸ்டெம் (கிரௌனின் தண்டு) நுழையும் இடத்தைச் சுற்றிப் பழுப்புக் கறை. அங்கிருந்து உள்ளே போகப் போக மங்குகிறது. அந்தப் பக்கத்துத் திருகுகள் இரண்டின் தலை கறுத்திருக்கிறது. பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) பக்கம் சுத்தம். டயலில் 2-க்கும் 4-க்கும் நடுவில் மிளகுத்தூள் தூவியது மாதிரி புள்ளிகள். முட்களில் முலாம் அங்கங்கே போயிருக்கிறது. பின்மூடி கேஸ்கெட் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கறுப்புப் பிசினாகிவிட்டது. படங்களும் போட்டிருக்கிறேன்.

இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் டயலைப் புதுசாக அச்சடித்து, முள் மாற்றி, கேஸை பாலிஷ் போட்டு எல்லாவற்றையும் சரிசெய்து தருகிறேன் என்றார். இன்னொருவர் திருகைக்கூடத் தொடாதே, தொட்டால் மதிப்புப் போய்விடும் என்றார். எனக்கு விற்கும் எண்ணம் கிடையாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலைக்குக் கட்டிப் போக வேண்டும், பிறகு என் மகளுக்குக் கொடுக்க வேண்டும். எதை மாற்றுவது, எதை விடுவது?

முள்_மூன்று

டயலைப் புதுசாக அச்சடிக்கிறேன் என்று சொன்ன கடைக்குத் திரும்பப் போகாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டயலை 'ரீடயல்' செய்வது என்றால் பழைய லாக்கர் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, பித்தளைத் தகட்டின் மேல் வேறு சாயம் பூசி, எழுத்துகளை மறுபடி அச்சடிப்பது. அந்த அறுபதுகளின் எழுத்து, கோடுகளின் மென்மை, 'சீமாஸ்டர்' என்ற கையெழுத்து வளைவு, எதுவும் அப்படியே வராது. போனது போனதுதான். உங்கள் டயலில் இருக்கும் புள்ளிகள் அந்த வாட்ச் நம் ஊரில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்ததற்குச் சாட்சி. அவற்றுடனேயே அது அழகாக இருக்கிறது.

பாலிஷும் அப்படித்தான். கேஸில் வார் மாட்டும் காதுகளின் விளிம்பில் இருக்கும் சாய்தளம் ஒரு தடவை பஃபிங் சக்கரத்தில் உருண்டால் மறைந்துவிடும்.

பொங்கோல்_வாசி

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் விற்கப் போவதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பிறகு சேகரிப்பாளர்களின் மதிப்பு எதற்கு? அவர் தாத்தா அந்த வாட்சை வாங்கியபோது டயலில் புள்ளி இல்லை. தாத்தா பார்த்த வாட்சைக் கொள்ளுப்பேத்தியும் பார்க்கட்டுமே. என் அப்பாவின் டைட்டோனி வாட்சை முழுக்கப் புதுப்பித்து அவருக்கே பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தினமும் கட்டுகிறார். எனக்கு அதைவிடப் பெரிய மதிப்பு எதுவும் இல்லை.

தேக்கா_பழுதுமேசை

தம்பி, உங்க படங்களைப் பெரிசு பண்ணிப் பாத்தேன். ரெண்டு கடைக்காரரும் வாட்சை ஒரே சாமானா பாக்குறாங்க. மாத்துனா எல்லாம் மாத்து, இல்லன்னா ஒண்ணும் தொடாதே. வாட்ச் அப்படி இல்ல. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாத்தான் முடிவு எடுக்கணும்.

கறை ஸ்டெம்முல ஆரம்பிச்சு உள்ள போகப் போக மங்குதுன்னு சொன்னீங்க. தண்ணி கிரௌன் வழியா வந்திருக்குன்னு அர்த்தம். கிரௌன் உள்ள ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அது கல்லாப் போயிருக்கும். வேர்வை, கை கழுவுற தண்ணி, மழை எல்லாம் அந்த ஓட்டை வழியாத்தான் போகும். முதல்ல அடிபடுறது ஸ்டெம், அப்புறம் ஸ்டெம்மைப் பிடிச்சு வைக்கிற செட்டிங் லீவர், அதோட சேர்ந்து வேலை செய்யிற யோக்னு ஒரு சின்ன நெம்புகோல், செட்டிங் லீவர் ஸ்பிரிங், அந்தப் பக்கத்துத் திருகு. எல்லாமே வெறும் இரும்பு. மெயின் பிளேட் பித்தளை மேல செம்பு நிற முலாம், அது துருப்பிடிக்காது. அதனால உங்க மெஷின்ல நோய் ஒரு மூலையிலதான் இருக்கு. நல்ல சேதி அது.

கிரௌன் கையோட வருதுன்னா செட்டிங் லீவர் ஸ்டெம்மோட பள்ளத்தைப் பிடிக்கல. ரெண்டுல ஒண்ணு அரிச்சுப் போச்சு, இல்ல ரெண்டுமே. இதை எண்ணெய் விட்டு ஓட்டிரலாம்னு நினைக்காதீங்க. தையல் மெஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது எல்லா இடத்துக்கும் பரவி டயல் வரைக்கும் ஏறிடும்.

முக்கியமான விஷயம் ஒண்ணு. துரு சும்மா உக்காந்திருக்காது. நகைப்பட்டறையில தங்கத்துக்கு மெருகு போட ரூஜ்னு ஒரு செவப்புப் பொடி வச்சிருப்பாங்களே, அது இரும்பு ஆக்சைடு. துருவும் இரும்பு ஆக்சைடுதான். நீங்க ஒவ்வொரு தடவை கிரௌனை இழுக்கும்போதும் துருத்தூள் உதிருது. அது எண்ணெயில கலந்து சக்கரத்தோட பிவட்டுக்கு (ஊசி மாதிரி இருக்குற அச்சு முனைக்கு) போச்சுன்னா, அங்க மெருகுப்பொடி வேலையைத்தான் செய்யும். பேலன்ஸ் பிவட் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். தேய்றதுக்கு அதுல என்ன இருக்கு? தொடாதேன்னு சொன்னவர் துருவுக்கு அனுமதி கொடுக்குறார்.

நான் பண்ணா இப்படிப் பண்ணுவேன். ஸ்டெம், கிரௌன், கேஸ்கெட் எல்லாம், மெயின்ஸ்பிரிங் (வாட்சை ஓட்டுற சுருள்வில்): புதுசு. செட்டிங் லீவரும் அதோட ஸ்பிரிங்கும் கழட்டிப் பாத்துட்டு, குழி விழுந்திருந்தா மாத்துவேன், மேலோட்டமான கறைன்னா கண்ணாடி நார் பிரஷ்ல தேச்சு மெருகேத்தித் திரும்பப் போடுவேன். டயல், முள்: தொட மாட்டேன். கழட்டுன ஒவ்வொரு பழைய பாகத்தையும் சின்னப் பையில போட்டு உங்க கையில கொடுத்துருவேன்.

நீலத்திருகு

அண்ணன் சொன்னதற்குத் துணையாக, ஜூரோங்கில் கப்பல் அரிப்புப் பரிசோதனை செய்பவள் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினால் வெறும் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடும். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். அதோடு வேர்வை உப்பு சேர்ந்தால் இன்னும் குறைந்த ஈரத்திலேயே வேலை தொடங்கிவிடும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் ஐரோப்பியர்கள் "இருந்தபடியே விடுங்கள்" என்று எழுதுவதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் குளிர்நாட்டு அறையில் இழுப்பறைக்குள் வைத்தால் துரு தூங்கும். இங்கே தூங்காது.

கேஸைப் பற்றி ஒரு கேள்வி. பின்மூடியும் கேஸும் சேரும் வளையத்தில், கேஸ்கெட் உட்காரும் இடத்தில், குழிகள் இருக்கின்றனவா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். அது கீறினாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனால் தானே மூடிக்கொள்ளும். ஆனால் இரண்டு உலோகங்களுக்கு நடுவிலுள்ள இடுக்கில் வேர்வை தேங்கினால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்துவிடும், படலம் உடையும், வேர்வை உப்பிலுள்ள குளோரைடு உள்ளே குடையத் தொடங்கும். வெளியே பளபளக்கும் கேஸின் பின்மூடி இடுக்கு மட்டும் அரித்துப் போவது அதனால்தான். பிசினான கேஸ்கெட்டை மரக்குச்சியால் எடுத்துவிட்டுப் படம் போடுங்கள். உலோக ஊசி வேண்டாம்.

முள்_மூன்று

அண்ணே, மெஷினுக்குள் நீங்கள் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேய்ந்த இரும்பை மாற்றுவதில் யாருக்கும் இழப்பு இல்லை. மெயின்ஸ்பிரிங் எல்லாம் தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே செய்த பாகம்.

கிரௌனில்தான் என் தயக்கம். அந்தக் காலத்து ஒமேகா கிரௌனின் பற்கள், சின்னத்தின் ஆழம் எல்லாம் இப்போது வரும் பதிலிக் கிரௌனில் இல்லை. வாட்சை எடுத்துப் பார்ப்பவரின் கண் டயலுக்கு அடுத்தபடி போவது அங்கேதான். பழைய கிரௌனுக்குள் இருக்கும் ரப்பரை மட்டும் மாற்ற முடியாதா?

தேக்கா_பழுதுமேசை

சில கிரௌன்ல முடியும் தம்பி. உள்ளே ரப்பரைப் பிடிச்சு வச்சிருக்குற வாஷரை எடுத்தாத்தான் வளையத்தை மாத்த முடியும். பல கிரௌன்ல அந்த வாஷரை அழுத்தி அடைச்சிருப்பாங்க, எடுத்தா கிரௌன் கெட்டுடும். உள்ள இருக்குற திருகு மரையும் துருப்பிடிச்சிருந்தா புது ஸ்டெம் அதுல நிக்காது. பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். ஆனா இது தினசரி கட்டப் போற வாட்ச், தண்ணி வந்த வழியே அதுதான். அங்க அழகுக்காக விட்டுக்கொடுத்தா மத்த வேலையெல்லாம் வீண். பழசைப் பையில போட்டு வைங்க.

ஜாலான்_புசார்

பாகங்கள் எங்கே கிடைக்கும் என்று யாரும் பேசவில்லையே. ஸ்வாட்ச் குழுமம் மொத்த விற்பனையாளர்களுக்கு உதிரிப்பாகம் தருவதை 2015 முடிவோடு நிறுத்திவிட்டது. ஒமேகாவும் அந்தக் குழுமம்தான். ஆக, ஒமேகாவிடம் பாகக் கணக்கு வைத்திருக்கும் பட்டறைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பழைய இருப்பையும், பாகங்களைக் கழற்றிக்கொள்வதற்காகவே வாங்கும் 'டோனர்' மெஷினையும் தேட வேண்டும்.

552 வைத்திருப்பவருக்கு ஒரு வசதி. 550, 551, 552, 561, 562, 564, 565 எல்லாம் ஒரே குடும்பம், பல பாகங்கள் பொதுவானவை. தேதி உள்ளவற்றில் கிரௌன் பக்கத்துச் சில பாகங்கள் மாறும், அதனால் பாக எண்ணைச் சரிபார்த்தே வாங்குங்கள். டயல் கெட்டு, கேஸ் உடைந்து மெஷின் மட்டும் விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ரோட்டர் (கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் எடை) பக்கத்துப் படத்தைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். டயல் பக்கம், ஸ்டெம் இருக்கும் மூலையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அங்கே துரு என்றால் நீங்கள் வாங்குவது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நோயைத்தான்.

சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தை இருந்தவரை இதற்கெல்லாம் கவலை இல்லை. ஒரு பாயில் மெஷின்களைக் குவித்து வைத்திருப்பார்கள், லூப் போட்டு உட்கார்ந்து பொறுக்கலாம். 2017 ஜூலையில் மூடினார்கள். அந்த அங்கிள்களிடம் இருந்த அறிவும் கலைந்துபோனதே என்று இன்றும் எனக்கு வருத்தம்.

செம்பவாங்_பேரன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று அண்ணனின் மேசைக்கே கொண்டு போனேன். டயலை எடுத்துப் பார்த்ததில் செட்டிங் லீவர் ஸ்பிரிங்கின் நுனி மெலிந்து தகடாகிவிட்டது. யோக் பரவாயில்லை, மேல் கறைதான். ஆனால் ஒரு திருகின் தலை உடைந்து உடல் பிளேட்டுக்குள் நிற்கிறது. அக்கா கேட்ட இடத்தின் படமும் போட்டிருக்கிறேன். கேஸ்கெட் வளையத்தில் 7 மணிப் பக்கம் மூன்று குழிகள், ஒன்று ஆழம்.

இன்னொரு கவலை. டயலின் லூம் (இருட்டில் ஒளிரும் பூச்சு) கதிர்வீச்சுள்ள ரேடியமாக இருக்குமோ? வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறாள்.

முள்_மூன்று

டயலின் அடியில் 'டி சுவிஸ் மேட் டி' என்று இருக்கிறது, உங்கள் இரண்டாவது படத்தில் தெரிகிறது. அந்த 'டி' டிரிட்டியம். அதன் அரை ஆயுள் 12.3 வருடம்தான். இத்தனை வருடத்தில் இருபதில் ஒரு பங்குகூட மிச்சம் இருக்காது, அதனால்தான் இருட்டில் ஒளிரவில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 வருடம், ஒளிர்வது நின்றபிறகும் கதிர்வீச்சு அப்படியே இருக்கும். அது அறுபதுகளுக்கு முந்தைய டயல்களில்தான் பெரும்பாலும். எதுவாக இருந்தாலும் லூமைச் சுரண்டாதீர்கள், சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறக்காதீர்கள்.

தேக்கா_பழுதுமேசை

உடைஞ்ச திருகுக்குப் பயப்படாதீங்க. படிகாரம் இருக்கு. ஆமா, நம்ம தேக்கா மளிகைக் கடையில சவரத்துக்கு விக்கிற அதே படிகாரம். சூடான தண்ணியில கரைச்சு, பிளேட்டை அதுல போட்டா இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும், பித்தளையை விட்டுடும். திருகு கறுப்புப் பொடியா உதிர்ந்து வரும். மரை அப்படியே நிக்கும்.

ஆனா வீட்டுல செய்யாதீங்க. பிளேட்டுல ஒரு இரும்புப் பொட்டுகூட இல்லாமக் கழட்டணும். ஒரு சின்ன ஸ்பிரிங்கை மறந்தாலும் அதையும் தின்னுடும். ஒமேகாவோட செம்பு நிற முலாம் வேற, ரொம்ப நேரம் ஊறினா நிறம் மாறலாம். அதனால முதல்ல கையால எடுக்கப் பாப்பேன். திருகோட உடல் அடிப்பக்கம் வரைக்கும் வந்திருந்தா அந்தப் பக்கத்துல இருந்து தள்ளித் திருப்பலாம். முடியலைன்னாதான் படிகாரம். அப்புறம் நல்லா அலசணும், புளிப்பு மிச்சம் இருந்தா அதுவே அடுத்த துருவுக்கு விதை.

நீலத்திருகு

குழிகளைப் பார்த்தேன். ஆழமான அந்த ஒன்று கேஸ்கெட் உட்காரும் தடத்தைக் குறுக்கே வெட்டுகிறது. அதுதான் பிரச்சினை. வெளியே காதுகளுக்கு நடுவில் இருக்கும் குழிகளை விட்டுவிடலாம், சுத்தம் செய்து உப்பை எடுத்தால் போதும். ஆனால் தடத்தில் இருக்கும் குழி புதுக் கேஸ்கெட் போட்டாலும் தண்ணீருக்குக் கதவு.

லேசர் வெல்டிங்கில் அந்தக் குழியை மட்டும் ஸ்டீலால் நிரப்பி, தடத்தை மட்டும் மறுபடி கடைந்துவிடலாம். சூடு ஒரு புள்ளியில் நிற்பதால் கேஸின் வெளிப்புறம் மாறாது. அல்லது செலவு வேண்டாமென்றால் சிலிக்கோன் கிரீஸ் தடவிப் புதுக் கேஸ்கெட் போட்டு, தண்ணீர் பக்கமே கொண்டு போவதில்லை என்று முடிவெடுங்கள். இரண்டும் நேர்மையான வழிகள். குழியை மறைக்கக் கேஸ் முழுவதையும் பாலிஷ் போடுவது மட்டும் கூடாது. குழி போவதற்குள் காதுகள் போய்விடும்.

பொங்கோல்_வாசி

நீங்கள் எல்லாரும் சொல்வது புரிகிறது. ஆனால் டயலில் இருக்கும் புள்ளிகள் பரவாதா? இன்றைக்கு விட்டால் பத்து வருடத்தில் 'சீமாஸ்டர்' என்ற எழுத்தையே தின்றுவிடும். அப்போது மகளின் கையில் என்ன இருக்கும்? இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

முள்_மூன்று

நியாயமான கேள்வி. லாக்கருக்கு அடியில் பித்தளை நிறம் மாறி லாக்கரைத் தூக்குவதுதான் அந்தப் புள்ளி. ஈரம் நின்றால் அதுவும் பெரும்பாலும் நின்றுவிடும். கேஸை அடைப்பதுதான் டயலுக்கு வைத்தியம். ஈரத் துணி, கிளீனிங் திரவம், எதுவும் டயலின் மேல் படக்கூடாது. எழுத்து லாக்கரின் மேலே அச்சடித்தது, ஒரு துடைப்பில் போய்விடும்.

தேக்கா_பழுதுமேசை

பொங்கோல் தம்பிக்கு இன்னொரு வழி சொல்றேன். சுத்தமான டயல் வேணும்னா, 552-க்குப் பொருந்துற தேதி இல்லாத வேற டயல் ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம். ஒரிஜினலைக் கழட்டி, தூசி படாத டப்பாவுல வச்சிடலாம். எப்ப வேணும்னாலும் திரும்ப மாட்டலாம். இருக்குற டயலைச் சுரண்டி அச்சடிச்சா திரும்ப வழியே இல்ல. நான் ஆள்கிட்ட எப்பவும் கேக்குறது இதுதான்: நாளைக்கு மனசு மாறினா திரும்பப் போக வழி இருக்கா? இருந்தா செய்ங்க.

உங்க அப்பாவோட டைட்டோனி விஷயத்துல நீங்க செஞ்சது உங்க அப்பாவுக்குச் சந்தோஷம் கொடுத்திருக்கு. அதுல குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. உயிரோட இருக்குற மனுஷன் தன் வாட்சை எப்படிப் பாக்க ஆசைப்படுறாரோ அப்படிச் செய்யலாம். இவரோட தாத்தா கிட்ட நாம கேக்க முடியாது. அதனாலதான் இங்க ஒரு படி நிதானம்.

பொங்கோல்_வாசி

வேறு டயல் மாட்டும் வழி எனக்குத் தோன்றவில்லை அண்ணே. அதை ஏற்கிறேன். ஆனாலும் தினமும் கட்டும் வாட்ச் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை.

செம்பவாங்_பேரன்

முடிவெடுத்துவிட்டேன். வேலைச் சீட்டில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: ஸ்டெம், கிரௌன், செட்டிங் லீவர் ஸ்பிரிங், உடைந்த திருகு, மெயின்ஸ்பிரிங், எல்லாக் கேஸ்கெட்டும் மாற்ற வேண்டும். யோக் சுத்தம் செய்து திரும்பப் போட வேண்டும். ரோட்டர் அச்சு தேய்ந்து ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்மூடித் தடத்தில் லேசர் வெல்டிங், வெளியே பாலிஷ் இல்லை. டயல், முள், கண்ணாடி தொடக் கூடாது. கண்ணாடியின் நடுவில் லூப்பில் மட்டும் தெரியும் குட்டி ஒமேகா சின்னம் இருக்கிறது, அதை இழக்க மனமில்லை. மாற்றிய பாகங்கள் அனைத்தும் என்னிடம் திரும்ப வர வேண்டும்.

ஜாலான் புசார் அண்ணன் சொன்னபடி டோனர் மெஷின் ஒன்றுக்கு ஸ்டெம் பக்கத்துப் படம் கேட்டேன். விற்பவர் அனுப்பவில்லை. விட்டுவிட்டேன். வேறொருவர் அனுப்பியது சுத்தமாக இருந்தது, அதை வாங்கியாயிற்று.

வந்தபிறகு எதில் வைப்பது? மறுபடி அலமாரி வேண்டாம்.

நீலத்திருகு

கேமரா வைக்கும் உலர்பெட்டி வாங்குங்கள், 40 முதல் 50 விழுக்காடு போதும். அதற்கும் கீழே இறக்க வேண்டாம், தோல் வார் வறண்டு வெடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவும் நல்லதுதான், ஆனால் நிறம் மாறியதும் காய வைக்க மறந்தால் அது வெறும் டப்பா. கட்டிக் கழற்றியதும் பின்மூடியையும் காதுகளின் உள்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். வேர்வை உப்பு இரவு முழுக்க அங்கே இருக்கக் கூடாது.

ஈரம் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க: வாட்சைக் கையில் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக வைத்திருந்து, கண்ணாடியின் மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விடுங்கள். அரை நிமிடத்தில் துடைத்துப் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் மூடுபனி படிந்திருந்தால் அன்றே அண்ணன் மேசைக்குக் கொண்டு போங்கள், வார இறுதிவரை காத்திருக்க வேண்டாம். ஏசி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் தானாகவே மூடுபனி தெரிந்தாலும் அப்படித்தான்.

தேக்கா_பழுதுமேசை

திங்கட்கிழமை அழுத்தச் சோதனை போட்டுட்டுச் சொல்றேன் தம்பி. பைகள்ல ஒவ்வொரு பாகத்தோட பேரும் எழுதி வச்சிருக்கேன்.